சந்தேகம் தீர்ப்பாகும்போது

2015ல் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பதிவேட்டை அலசிய தணிக்கையாளர்கள், 112 வயதைத் தாண்டியும் இறப்புக் குறிக்கப்படாத 65 லட்சம் பெயர்களைக் கண்டார்கள். உலகெங்கும் அந்த வயதில் உயிரோடு இருப்பதாக அறியப்பட்டவர்கள் 35 பேர்தான். ஆனால் அந்த 65 லட்சத்தில் பணம் போய்க்கொண்டிருந்தது வெறும் 13 பேருக்கு என்பதையும் அதே அறிக்கை சொன்னது. உண்மையான கேடு வேறிடத்தில் இருந்தது: 2006 முதல் 2011 வரை, அந்தப் பெயர்களுக்குரிய சமூகப் பாதுகாப்பு எண்களில் ஏறத்தாழ 67,000 எண்களின் பேரில் 310 கோடி டாலர் ஊதியம் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. பதிவேட்டின் பிழை வேறு, கஜானாவின் இழப்பு வேறு, ஆள்மாறாட்டம் வேறு என்று பிரித்துக் காட்டிய இந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த நிதானத்துக்கு ஒரு சட்டப் பின்புலம் உண்டு. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தத் தணிக்கையாளர்களின் தலைவரான தலைமை ஆய்வாளர், தான் தணிக்கை செய்யும் துறைக்குள்ளேயே இருந்தாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தருகிறார். துறைத் தலைவர் அவரை நீக்க முடியாது. அது குடியரசுத் தலைவரால் மட்டுமே முடியும். 2015 முதல் 2022 வரையிலான நிதியாண்டுகளில் 7,180 கோடி டாலர் தவறாக வழங்கப்பட்டது என்று துறைக்கு உள்ளிருந்தே ஒரு குரல் அறிவிக்க முடிந்தது இதனால்தான். மொத்தம் வழங்கியதில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி, தகவல் வந்து சேராததாலும் அலுவலகப் பிழையாலும் நேர்ந்தது. எல்லாவற்றையும் மோசடி என்று எண்ணுவது பெருந்தவறு.

பதிவேட்டைச் செம்மைப்படுத்தச் சொன்ன 2015 அறிக்கையின் பரிந்துரை என்னவாயிற்று? 2023ல் மறுபடி பார்த்தபோது, 1920லோ அதற்கு முன்போ பிறந்து இறப்புக் குறிப்பு இல்லாதவர்கள் 1 கோடியே 89 லட்சம் பேர். திருத்த 55 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்ட நிர்வாகம், அதைச் செய்யவில்லை. தணிக்கையாளரால் சொல்ல முடியும், செய்விக்க முடியாது. விளைவு, 2025ல் அதே பதிவேட்டின் வயதுப் பட்டியலை எலான் மஸ்க் மோசடிக்குச் சான்றாகப் பரப்பினார்.

என்னை அதிகம் உறுத்துவது கெண்டகி வழக்கு. எரிக் கான் என்ற வழக்கறிஞர், உடல்நலிவு ஓய்வூதியம் கேட்டவர்களுக்காக மருத்துவச் சான்றுகளை ஜோடித்து, டேவிட் டாகர்ட்டி என்ற நிர்வாக நீதிபதிக்கு லஞ்சமும் கொடுத்தார். 2010 நிதியாண்டில் அந்த நீதிபதி தீர்த்த 1,284 மனுக்களில் நிராகரித்தவை நான்கே. அவருடைய அலுவலக ஊழியர்கள் இருவர் பல ஆண்டுகள் புகார் சொல்லியும், 2011ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதிய பிறகே ஊர் விழித்தது. எண்களில் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்த ஒன்று தணிக்கைக்கு ஏன் முன்பே தட்டுப்படவில்லை?

அதன் பிறகு நடந்தது இன்னும் மோசம். தலைமை ஆய்வாளர் அலுவலகம், சந்தேகத்துக்குள்ளான கானின் கட்சிக்காரர்கள் 1,787 பேரின் பட்டியலை நிர்வாகத்திடம் கொடுத்தது. 2015 மே மாதம் நூற்றுக்கணக்கானோரின் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. தற்கொலைகள் நிகழ்ந்ததாக அந்த ஊர் வழக்கறிஞர்கள் சொன்னார்கள். சில நாட்களில் நிறுத்தத்தை விலக்கிக்கொண்டாலும், மறுவிசாரணை விதிகள் கொடுமையாகவே இருந்தன. குறிப்பிட்ட மருத்துவர்களின் சான்று எதுவும் செல்லாது. 'என் சான்று மெய்யானது' என்று வாதாடவும் இடமில்லை. நோயாளிகளில் பலருக்கு ஏமாற்று நடந்ததே தெரியாது. தணிக்கையாளர் சந்தேகித்தார் என்பதே தீர்ப்பாகிவிட்டது. 2018ல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், இது நியாயமான விசாரணை அல்ல என்று தீர்ப்பளித்தது.

இதே குறை அபராதத்திலும் தெரிந்தது. விசாரிப்பவரே அபராதமும் விதிக்கலாம் என்ற அதிகாரம் அந்த அலுவலகத்துக்கு இருந்தது. தவறாகப் பெற்றதைப் போலப் பல மடங்கு தொகையை ஏழைகளும் முதியவர்களும் கட்டும்படி ஆனதை 2022ல் வாஷிங்டன் போஸ்ட் வெளிப்படுத்தியது. 2024ல் தலைமை ஆய்வாளர் பதவி விலகினார்.

சுதந்திரம் குறைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அபராதம் விதிக்கும் வேலை வேறொரு கையில் இருக்க வேண்டும். பட்டியலில் பெயர் வந்தவருக்கு, பணம் நிற்கும் முன்பே, தன் மீதான சந்தேகத்தின் ஆதாரத்தைப் பார்க்கவும் மறுக்கவும் வாய்ப்புத் தர வேண்டும். மீட்ட தொகையைப் பெருமையோடு அச்சிடும் ஆறு மாத அறிக்கையில், தவறாக நிறுத்தப்பட்டுப் பின்பு திருப்பிக் கொடுத்த தொகைக்கும் ஒரு பத்தி இருக்கட்டும்.