அருவிக்குக் கீழே ஒரு குரல்

மாசி மாதம் திற்பரப்பு ரப்பர் தோட்டங்களில் பழைய இலை உதிர்ந்து தளிர் விட்டிருக்கும். சிவாலய ஓட்டக்காரர்கள் வருவது அப்போதுதான். இடுப்பில் காவி, கையில் பனையோலை விசிறி. அவர்கள் ஓடியே தரிசிக்கும் பன்னிரண்டு சிவன் கோயில்களில் எங்கள் மகாதேவர் கோயில் மூன்றாவது. கோதையாற்றில் முங்கி, ஈரம் சொட்டச் சொட்ட ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவிக்கொண்டே சிவன் சன்னதிக்கு ஓடுவார்கள். அப்படியொரு இரவில்தான் இளையராஜாவின் ‘திருவாசகம்’ சிம்பொனியை முதன்முதலாக முழுதாகக் கேட்டேன்.

அதற்கு முன் நான் விரும்பிக் கேட்டுவந்தது டீப் பர்ப்பிள். 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அந்த ராக் குழு ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தது. மேடையில் பதிவானதே ஆல்பமாக வந்தது. ஜான் லார்ட் எழுதிய அந்த கன்செர்ட்டோவின் முதல் பகுதி ஒரு மல்லுக்கட்டு. வயலின்கள் ஒரு பக்கம், மின்கிதாரும் டிரம்ஸும் மறுபக்கம். இருவரும் சமபலசாலிகள். அந்த மோதலின் சுகமே தனி.

2005-ல் வெளியான ‘திருவாசக’த்தில் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிறது. இங்கே மோதல் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு ‘பொல்லா வினையேன்’ பதில் சொல்கிறது. ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும் அந்தப் பாட்டுக்கு மூலம் திருவாசகத்தில் உள்ள சிவபுராணம். ஊரறிந்த முதலடியை விட்டுவிட்டு, மாணிக்கவாசகர் தன் சிறுமையைச் சொல்லும் இடையில் வரும் அடியைத் தலைப்பாக எடுக்கிறார் ராஜா. ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளிலும் பேசுவது தன் குறையை உணர்ந்த ஒரு சாதாரண மனிதன்தான்.

இந்த ஒரு தேர்விலேயே ஆர்கெஸ்ட்ராவின் வேலை மாறிவிடுகிறது. பாடுகிறவன் சின்னவன், அவனைச் சூழ்ந்து நிற்கும் கோரஸும் வயலின்களும் பெரியவை. ராஜாவின் மெருகு பூசாத குரல் அந்தப் பெருக்கத்தின் முன்னால் இன்னும் தனியாகிறது, இன்னும் உண்மையாகிறது. தேர்ந்த பாடகரின் வழவழப்பான குரல் இங்கே பொருந்தியிருக்காது.

கோரஸ் எங்கள் காதுக்குப் புதிதல்ல. கோயில் மேளம் கேட்ட அதே காது, கிறிஸ்துமஸ் காலத்தில் தேவாலயப் பாடகர் குழு நான்கு குரலில் பாடுவதையும் கேட்டு வளர்ந்தது. திருவாசகத்தை 1900-ல் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப்பும் ஒரு பாதிரியார்தானே.

அன்றிரவு பாட்டு முடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போனேன். மாசியில் அருவிக்கு மழைக்கால முரட்டுத்தனம் கிடையாது. ஆனாலும் பாறை நெடுக நீர் இரைந்து விழுந்துகொண்டிருந்தது. அதன் கீழே தலையைக் கொடுத்து நின்ற ஓட்டக்காரர் ஒருவர் ‘கோவிந்தா’ என்றார். நீரின் இரைச்சலை வெல்ல அவர் முயலவே இல்லை. ஆனாலும் அந்தக் குரல் கரை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.