செத்த காலேஜில் மனுசர்கள்

சென்னைக்கு வருகிற நம்ம சனங்க பிள்ளைகுட்டிகளோடு தவறாமல் போகிற இடம் எழும்பூர் அருங்காட்சியகம். அவங்க வாயில் அதற்குப் பேர் ‘செத்த காலேஜ்’. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலைக்கு ‘உயிர் காலேஜ்’. இப்படிப் பேர் வைத்தவர்கள் மானுடவியல் படித்தவர்களல்ல. ஆனாலும் சரியான விமர்சனம் அது. உயிரைப் பிடுங்கி, பஞ்சடைத்து, பேர் எழுதி ஒட்டுவதுதான் 1851-இல் தொடங்கிய அந்த இடத்தின் அறிவு.

பஞ்சடைத்தது மிருகங்களை மட்டும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். 1885 முதல் 1908 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அருங்காட்சியக வெளியீட்டு வரிசையில் 1894-இல் முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு பற்றி எழுதினார். 1896-இல் தோடர், கோத்தர் பற்றி எழுதினார். சிப்பிக்கும் மனுசனுக்கும் ஒரே வரிசை! சாதி சாதியாகத் தலையை அளந்தார், மூக்கை அளந்தார். கே. ரங்காச்சாரி துணையோடு 1909-இல் வந்த 7 தொகுதிகளில் சாதிகளை ஆங்கில அகர வரிசையில் அடுக்கி வைத்தார்.

சாதியை ஏன் இயற்கை வரலாற்றில் வைத்தார்கள்? இயற்கை என்று சொல்லிவிட்டால் யாரும் பொறுப்பில்லை. திமிங்கலத்துக்கு எலும்பு பெரிசு என்பது மாதிரி, சேரி ஊருக்கு வெளியே கிடப்பதும் ‘அது அப்படித்தான்’ என்றாகிவிடும். நிலத்தைப் பிடுங்கினவன், கிணத்தைத் தடுத்தவன் எவனும் அந்தக் கணக்கில் வரமாட்டான்.

மூக்கு அகலமாக ஆக அந்தஸ்து குறையும் என்று வங்காளத்தை அளந்து 1891-இல் சொன்னவர் ரிஸ்லி. இதற்கு அம்பேத்கர் பதில் வைத்திருக்கிறார். 1936-இல் பேசவிடாமல் தடுக்கப்பட்டு அச்சான உரையில், சென்னைப் பிராமணனும் சென்னைப் பறையனும் ஒரே இனம் என்றார். 1948-இல் தீண்டப்படாதவர்கள் யார் என்று ஆராய்ந்த நூலில், மூக்களவு எண்களையே எடுத்து, தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணமில்லை என்று காட்டினார். அளந்தவன் கோலைப் பிடுங்கி அவன் முதுகிலேயே போட்ட அடி அது.

பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகத்தான் வேண்டும். திமிங்கல எலும்பையும் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களையும் காட்டத்தான் வேண்டும். கூடவே, ‘இங்க நம்மளையும் அளந்தாங்க கண்ணு’ என்று சொல்ல வேண்டும். மூக்களந்த கருவியும் ஒரு காட்சிப்பொருள்தான். யார், யாரை, எதற்காக அளந்தார்கள் என்று அதன் அடியில் தமிழில் எழுதி வைக்கச் சொல்லிக் கேட்போம்.