ஓர் ஆர்கன், இரு கலைஞர்

மேனாட்டு ஆலயங்களில் ஓர் ஆர்கனின் முன் இருவர் ஒருங்கமர்ந்து, பிற கருவிகளுக்கென இயற்றப்பட்ட செவ்விசைப் படைப்புகளை ஆர்கனுக்கு மாற்றியமைத்து வாசிப்பதுண்டு. இஃது இரவல் இசையே, ஆலயத்திற்கு ஒவ்வாது என்பார் உளர். இக்கூற்று ஆராயத்தக்கது.

1711ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் அச்சேறிய விவால்டியின் தொகுப்பில், இரு வயலின்கள் முதன்மை பெறும் இசைக்கோவை ஒன்று உண்டு. வைமாரில் பணியாற்றிய காலத்தில் பாக் அதனை ஆர்கனுக்கு மாற்றியமைத்தார். வயலினின் வில் ஒரே சுரத்தை மென்மையாய்த் தொடங்கி வலுப்படுத்த வல்லது. ஆர்கன் குழலோ, கட்டையை அழுத்தியுள்ளமட்டும் ஒரே அளவில் ஒலிப்பது. ஆகவே பாக் வயலினைப் போலிசெய்ய முயலவில்லை. தனி வயலின்களின் பகுதியையும் குழுவின் பகுதியையும் வெவ்வேறு விசைப்பலகைகளுக்குப் பகிர்ந்தளித்தார். உரையாடல் எஞ்சியது, உரைத்த குரல் மாறியது.

1791 மார்ச்சில் மோட்ஸார்ட் முடித்த எஃப் மைனர் ஃபான்டசியா, கடிகாரத்தோடு இணைந்து தானே இயங்கும் ஆர்கனுக்கென எழுதப்பட்டது. இன்று அதனை நான்கு கைகளால் இருவர் வாசிப்பதுண்டு. இயந்திரத்திற்கு வேண்டாத ஒன்று இங்கே இன்றியமையாததாகிறது: ஒருவர் மற்றவருக்குச் செவிகொடுத்தல்.

ஆயினும் நான்கு கைகள் உள்ளமையால் எங்கும் ஒலியை நிரப்பும் ஆசை எழும். எதிரொலி நீடிக்கும் கல்மண்டபத்தில் விரைந்த சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பும். முழக்கத்தை வியந்து செல்வோர் கருவியைக் கேட்டனர், படைப்பைக் கேட்டிலர்.

மாற்றியமைத்தலும் மொழிபெயர்ப்பே. மூலத்தின் ஓசையைப் பற்றிக்கொண்டு பொருளை இழக்கும் பெயர்ப்பு நிலைபெறாது. நாள்தோறும் வேதவசனத்தை மக்கள் மொழியில் எடுத்துரைக்கும் நாம் இதனை நன்கறிவோம். பக்திவிருத்தி உண்டாக்குமாயின் அவ்விசை இரவலன்று. கைத்திறனை மட்டும் காட்டுமாயின், ஆர்கனுக்கென்றே எழுதப்பட்டதாயினும் ஆலயத்திற்கு அந்நியமே.