ஆடை கட்டிய நாயும் பட்டை கட்டிய நாயும்

டிஸ்னியின் டொனால்ட் வாத்து, 1934-இல் திரையேறிய நாள்முதல் மேலே மாலுமிச் சட்டை, கீழே ஒன்றுமில்லை! குளித்து வந்தாலோ இடுப்பில் துண்டு! இதைச் சிரித்து மறக்கலாம்.

மறக்கவொண்ணாதது மற்றொன்று. 2006-இல் தொடங்கிய ‘மிக்கி மவுஸ் கிளப்ஹவுஸ்’ தொலைக்காட்சித் தொடரில் இரு நாய்கள். கூஃபிக்குச் சட்டையுண்டு, தொப்பியுண்டு, பேச்சுண்டு. அவன் மிக்கியின் தோழன். புளூட்டோவுக்குக் கழுத்துப்பட்டையும் குரைப்புமே. அது மிக்கியின் வளர்ப்பு நாய். இனம் ஒன்று, நிலை இரண்டு! பிரித்தது பிறப்பா? அறிவா? அன்று, வரைந்தவரின் எழுதுகோல்!

“ஏன் இப்படி?” என்று கேட்கும் குழந்தையைக் “கதைதானே!” என்று அடக்காதீர். கேட்கட்டும்! உயர்வும் தாழ்வும் இயற்கை இட்டதன்று, மனிதன் இட்ட கோடு என்பதை அக்கேள்வியே உணர்த்தும். இட்ட கோட்டை அழிக்கவும் இயலுமன்றோ?