பெட்டி மேலே ஒரு பாப்பா

அடுத்த முறை பட்டாசுப் பெட்டி கையில் கிடைத்தால் ஒரு காரியம் செய்யுங்கள். உடனே பிரித்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து அதைப் படியுங்கள். பட்டாசைப் போய் யாராவது படிப்பார்களா என்கிறீர்களா? நான் படித்தேன்.

என் பெட்டியின் மேல் ஒரு பாப்பா. செம்பட்டை முடி, நீலக் கண், ரோஜாக் கன்னம். எந்த தேசத்துக் குழந்தையோ, பொக்கை வாய் திறந்து சிரிக்கிறது. உள்ளே இருப்பது புஸ்வாணம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. பாதிப் பெட்டியைக் கம்பெனிப் பெயர் அடைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்ததாகப் பெரிய எழுத்தில் இருப்பது விலை. நான் பி.காம். படித்தவன், கண் அங்கேதான் போகும். அச்சடித்த விலை ஒன்று. 'எண்பது பர்சன்ட் தள்ளுபடி சார்' என்று கடைக்காரர் வாங்கிக்கொண்ட விலை வேறொன்று. சரி, அதை விடுங்கள். எங்கே பற்றவைப்பது, எவ்வளவு தள்ளி நிற்பது, எரியாமல் போனால் என்ன செய்வது? பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எறும்பு வரிசை மாதிரி நாலு வரி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொளுத்த வேண்டுமாம். மேலே பாப்பா!

பெட்டியைப் படிக்க எனக்குச் சொல்லித் தந்தது ஒரு பத்தொன்பது வயசுப் பெண். சிவகாசியில் பிரஸ் வைத்திருக்கும் நண்பரின் மகள். வெளிமாநிலத்தில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் கிராஃபிக் டிசைன் படிக்கிறாள். 'உங்கள் ஊரில் தயாராகும் ஒரு பொருளின் பெட்டியை விமர்சனம் செய்து வா' என்று லீவுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். அவள் தேடி எங்கும் அலையவில்லை. அப்பாவின் குடோனிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

நண்பருக்குத் தாங்கவில்லை. "படிக்க அனுப்புனா நம்ம பொழப்பையே குறை சொல்லுது பாருங்கண்ணே. பார்ட்டி கேட்டதைத்தானே அடிச்சுக் குடுக்குறோம்?"

"பார்ட்டி யாருப்பா? ஆர்டர் குடுக்குறவரா, கொளுத்துற பிள்ளையா?" என்றாள் மகள்.

நான் வாயைத் திறக்கவில்லை. டிசைன் படிப்பு மொத்தமும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

உங்கள் ஊரைப் பற்றி வகுப்பில் என்னம்மா சொல்லித் தருகிறார்கள் என்று விசாரித்தேன். 1919-ல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியைப் பற்றிக் கடகடவென்று சொன்னாள். 1957-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹெல்வெட்டிகா எழுத்துருவைப் பற்றிச் சொன்னாள். சிவகாசி? "கேலண்டர் ஆர்ட்னு ஒரு ஸ்லைடு வந்துச்சு பெரியப்பா. எல்லாரும் சிரிச்சாங்க."

இங்கேதான் எனக்குக் கோபம். சிரிக்கிற விஷயமா அது?

1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்தால் லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். வானம் பார்த்த கரிசல் பூமியில் அச்சுத் தொழில் வேர்பிடித்தது இப்படித்தான். அந்த லேபிளின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். வாங்குகிறவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விற்கிற ஊரின் பாஷை தயாரிக்கிற ஊருக்குத் தெரியாது. அதனால் படமே பெயராகிவிட்டது. சேவல் படம் போட்டது வேண்டும் என்று விரலைக் காட்டினால் போதும். படிக்கத் தெரியாதவரையும் மதித்து அவருக்குப் புரிகிற மாதிரி வரைந்தார்களே, அது எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் குறைந்த பாடமில்லை.

பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்தார் கொண்டைய ராஜு (1898 - 1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி, கேலண்டராக இந்தியா முழுக்கச் சுவரில் ஏறினார்கள். உங்கள் பாட்டி கையெடுத்துக் கும்பிட்ட படம் அவருடையதாக இருக்கலாம். கஜ்ரி ஜெயின் இந்தக் கேலண்டர் உலகத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி, 2007-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது. அங்கே புத்தகம், இங்கே ஒரு ஸ்லைடு, அதற்கும் சிரிப்பு!

கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களிடம் எனக்கு இன்னும் கொஞ்சம் உரிமையாகவே கேட்கத் தோன்றுகிறது. தமிழ் எழுத்தை முதலில் அச்சில் ஏற்றியதே அவர்களுடைய முன்னோர்கள்தானே? 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் இயேசு சபைப் பாதிரியார். சென்னையில் லயோலா கல்லூரியை நடத்துவதும் அதே இயேசு சபைதான். அங்கே விஸ்காம் படித்துவிட்டு சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் போனவர்கள் ஏராளம்.

தரங்கம்பாடிக் கதை இன்னும் ருசியானது. சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713-ல் தமிழ் அச்செழுத்துகள் வந்து சேர்ந்தன. பார்த்தால் ஒவ்வொன்றும் பெரிசு பெரிசாக இருந்தது. அப்படியே அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. எனவே இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அவர்கள் எழுத்தைச் சிறிசாக்கியது இன்னும் நாலு பேர் படிக்க வேண்டும் என்பதற்காக. பட்டாசுப் பெட்டியின் அடியில் எழுத்தைச் சிறிசாக்குவது யாரும் படிக்க வேண்டாம் என்பதற்காக. என் விமர்சனம் இவ்வளவுதான்.

2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு பசுமைப் பட்டாசு முத்திரை வந்தது, க்யூ.ஆர். கோடு வந்தது. பெட்டியில் இதற்கெல்லாம் இடம் கிடைத்தது. 'தள்ளி நில்' என்று தமிழில் ஒரு வரி போடத்தான் இடமில்லை.

எழுத்து என்றால் பெட்டியில் மட்டுமா? பட்டாசு ஆபீஸில் ஒவ்வொரு அறைக்கும் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று அளவு உண்டு. சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ல் நடந்த விபத்தில் 30 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எழுத்தைப் பெரிதாகப் போட்டால் விபத்து நின்றுவிடுமா என்றால், நிற்காது. அளவை மீறுகிறவருக்கு எழுத்து ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து திரி வைக்கிற அம்மா அதைப் படித்துவிட்டு, 'இங்கே ஆள் கூடுதலாச்சே' என்று கேட்கலாம் இல்லையா? கேட்பதற்கு முதலில் கண்ணில் பட வேண்டும்.

ஆகவே பல்கலைக்கழகங்களே, ஹெல்வெட்டிகாவைத் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். கூடவே ஒரு வாரம் பிள்ளைகளைச் சாத்தூர், சிவகாசிப் பக்கம் பஸ் ஏற்றி அனுப்புங்கள். சிரிப்பதற்கு அல்ல, கற்றுக்கொள்ள. கற்றுக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க.

நண்பரின் மகள் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். விமர்சனம் எழுதியதோடு நிற்காமல் புதிதாக ஒரு பெட்டி வரைந்திருந்தாள். மேலேயே பெரிதாக ஒரு புஸ்வாணம், நீட்டிய கையில் நீளமான ஊதுபத்தி, தள்ளி நிற்கும் இரண்டு கால். கீழே தமிழில் மூன்றே வார்த்தை: 'பற்றவை. விலகு. குனியாதே.'

நண்பர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாஞ் சரி. பாப்பா எங்கம்மா?"

"பாப்பா வாசல்ல நிக்குதுப்பா. அதுக்குத்தான் இதெல்லாம்."

அவர் பதில் சொல்லவில்லை. பெட்டியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை வந்து என்னை வழியனுப்பும்போதுதான் சொன்னார்: "நாளைக்கு ஒரு பார்ட்டி வர்றாரு. காட்டித்தான் பாப்பமேண்ணே."