அச்சமும் அழுகையும்: வீரப்பன் பற்றிய இரு தொடர்கள்

அச்சம் என்னும் மெய்ப்பாடு நான்கு பொருளின்கண் தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கை. தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் என்பன அந்நான்கு. கள்வரையும் காவலனையும் ஆசிரியர் ஒரே வரிசையில் வைத்தமை எண்ணத்தக்கது. இன்று வீடுதோறும் விரும்பிக் காணப்படும் குற்றத் தொடர்களை மதிப்பிடுதற்கு இவ்வரிசை நல்லதோர் அளவுகோலாகும். அத்தொடர்களுட் பெரும்பாலன கள்வரால் வரும் அச்சத்தைக் காட்டுவதோடு அமைகின்றன. அரசால் வரும் அச்சத்தையும் காட்டுவன சிலவே. கொங்கு நாட்டின் வடமேற்கிலுள்ள சத்தியமங்கல மலைக்காடுகளோடு தொடர்புடைய வீரப்பன் வரலாறு 2023ஆம் ஆண்டில் இருமுறை தொடராக்கப்பட்டது. அவ்விரண்டையும் இவ்வளவுகோல் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். 2022இல் வெளிவந்த 'சுழல்' போன்ற கற்பனைத் தொடரில், காணாமற்போன பெண்ணுக்கு நேர்ந்தது யாது என்பதை இறுதிவரை மறைத்துச் செல்லுதல் முறையேயாகும். கற்பனை மாந்தர்க்கு அதனால் இழப்பு ஒன்றுமில்லை. உண்மைக் குற்றம் பற்றிய தொடரோ அத்தகையதன்று. 1991இல் வனத்துறை அலுவலர் சீனிவாஸ் கொல்லப்பட்டமை, 1993இல் பாலாற்றுக் கண்ணிவெடியில் 22 பேர் மாண்டமை, 2000இல் தாளவாடிப் பகுதியிலுள்ள தொட்டகாஜனூரிலிருந்து நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டு 108 நாள் காட்டில் இருந்தமை, 2004 அக்டோபர் 18இல் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டமை ஆகிய அனைத்தையும் தமிழர் அறிவர். முடிவு அறிந்த கதையில் 'அடுத்து என்ன?' என்னும் வினாவுக்கு இடமில்லை. 'யாருடைய சொல்லைக் கேட்கின்றோம்?' என்னும் வினாவே எஞ்சுகின்றது.

செல்வமணி செல்வராஜ் இயக்கிய 'தி ஹண்ட் ஃபார் வீரப்பன்' நெட்ஃபிளிக்ஸ் வழி வந்த நான்கு பகுதித் தொடர். வேட்டை என்னும் சொல்லைத் தலைப்பிற் கொண்ட இது, வேட்டையின் அமைப்பையே கதையமைப்பாகவும் கொண்டுள்ளது. காவல் அலுவலர் ஒருபாலும், வீரப்பனின் மனைவி முத்துலட்சுமி முதலானோர் மறுபாலும் நின்று பேசுகின்றனர். ஒரு தரப்பின் கூற்றை மற்றொரு தரப்பின் கூற்றால் நிறுத்துப் பார்க்கும் நேர்மை இதன்கண் உண்டு. படையினரின் கொடுமையையும் இது மறைத்திலது. ஆயினும் ஒவ்வொரு பகுதியும் துரத்தலின் விரைவோடு அடுத்ததற்கு நம்மை ஈர்த்துச் செல்லுதலின், இடையில் அகப்பட்ட சிற்றூர் மக்களின் துன்பம் வழியிற் கண்ட காட்சியாய்க் கடந்து போகின்றது. வேட்டுவனும் விலங்கும் நினைவில் நிற்கின்றனர். மிதிபட்ட புல் நிற்கவில்லை.

சரத் ஜோதி இயக்கத்தில் ஜீ5 வழி வந்த 'கூச முனிசாமி வீரப்பன்' வேறொரு வகையினது. நக்கீரன் இதழார் காட்டிற் சென்று பதிந்த காட்சிகளில் வீரப்பன் தாமே பேசுகின்றார். அவர் தேர்ந்த கதைசொல்லி என்பதில் ஐயமில்லை. பிறர்போல் நடித்துக் காட்டியும், சினந்தும், நகைத்தும் அவர் பேசும்போது கேட்போர் உள்ளம் தம்மை அறியாமல் இசைந்துவிடும். ஈண்டுத்தான் திறனாய்வாளன் விழிப்பாயிருத்தல் வேண்டும். கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கும் பெருமிதத்தின் நிலைக்களன்கள் என்பர் தொல்காப்பியர். இவற்றுள் தறுகண்மையும் இசைமையும் வீரப்பனின் பேச்சிற் பொங்குகின்றன. நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் தம் வாயாற் கூறும் பெருமிதம், இறந்தோரின் குடும்பத்தார்க்கு எவ்வாறு ஒலிக்கும் என்பதை எண்ணாது அதனைச் சுவைத்தல் தகாது. எனினும் அதிரடிப்படையினரால் வதைக்கப்பட்ட மக்களின் நிலையை இத்தொடர் இடங்கொடுத்து உரைக்கின்றது. அவ்விடத்தே கள்வர் அச்சம் இறை அச்சமாக மாறுகின்றது; அச்சம் அழுகையாகக் கனிகின்றது. தொடரின் உயிர் அங்கேதான் உள்ளது என்பது எம் கருத்து.

இவ்வுயிர்நிலையைத் தொடர்களுக்கு முன்பே கண்டது கொங்கு மண்ணில் எழுந்த நாவல் ஒன்று. ச. பாலமுருகன் எழுதி 2004இல் வெளிவந்த 'சோளகர் தொட்டி' இரு பாகங்களால் ஆயது. முதற்பாகம் மலைவாழ் சோளகரின் நிலம், வழிபாடு, வேட்டை, பாட்டு ஆகியவற்றை விரிக்கின்றது. இரண்டாம் பாகத்தில்தான் தேடுதல் வேட்டையின் கொடுமை வருகின்றது. வீரப்பன் அதில் தலைமை மாந்தர் அல்லர். வாழ்வை முன்வைத்துப் பின்னர் வதையைக் கூறுதலின் இழப்பு இன்னதென உணர்கின்றோம். குற்றத்தில் தொடங்கும் தொடரிலோ அம்மக்கள் சான்றுரைப்பவராக மட்டுமே அறிமுகமாகின்றனர். அவர்தம் வாழ்வு நமக்குத் தெரியாமையின், இழந்தது யாது என்பதும் தெரிவதில்லை.

தொடர் நாவலன்று, விரைவின்றேல் காண்பவர் அகல்வர் எனச் சிலர் கூறக்கூடும். அண்ணன்மார் கதை இதற்கு விடையாகும். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் வீழ்வர் என்பது கொங்கு நாட்டுச் சிறாரும் அறிந்தது. எனினும் உடுக்கை ஒலிக்க இரவு பல விழித்திருந்து மக்கள் அதனைக் கேட்டுவந்தனர். அவர்கள் காத்திருந்தது முடிவை அறிதற்கு அன்று. களத்தில் உடன்பிறந்தாரைத் தேடிவரும் தங்கையின் புலம்பலில் தாமும் பங்குகொள்ளுதற்கே. அறிந்த முடிவும் மக்களை இருத்தும் ஆற்றலுடையது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வாராய்ச்சி சுவை பற்றியது மட்டுமன்று. தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் அமைத்த குழு, இரு மாநிலக் கூட்டுப்படையினர் மீதான முறையீடுகளை விசாரித்தது. 2007இல் 89 பேர்க்கு 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இடைக்கால உதவியாக வழங்குமாறு ஆணையம் பரிந்துரைத்தது. தொகை எழுதப்பட்டது; துன்பம் முழுதும் எழுதப்படவில்லை. அதனைக் கேட்கும் அவையாக இன்று தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்போர் நாமே. ஆதலின், உண்மைக் குற்றத் தொடரை எத்துணை விரைவாக நம்மை ஈர்த்தது என்பதுகொண்டு அளத்தல் பொருந்தாது. கள்வனுக்கும் காவலனுக்கும் ஒருங்கே அஞ்சி வாழ்ந்தவர் சொல்லை எத்துணை நேரம் நின்று கேட்டது என்பதுகொண்டே அளத்தல் வேண்டும். அவ்வளவையில் முதல் தொடரினும் இரண்டாவது ஒருபடி உயர்ந்தது. நாவல் இரண்டினும் உயர்ந்தது.