சட்டை உரிக்கும் நாட்களில் பாம்புக்கு இரை

வளர்ப்புப் பாம்பு சட்டை உரிக்க ஆயத்தமானால், உரித்து முடிக்கும்வரை இரை கொடுக்கக் கூடாது என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாம்பு வளர்ப்போர் பலர் கைக்கொள்ளும் வழக்கம். இதில் நியாயம் உண்டு. எல்லா இனத்துக்கும் எல்லா வயதுக்கும் இதையே விதியாக்கும்போதுதான் அந்த நியாயம் தேய்கிறது.

சட்டை உரிப்பு ஒரே நாளில் முடிவதில்லை. பழைய தோலுக்கு அடியில் புதுத்தோல் உருவானதும், இரண்டுக்கும் நடுவே நிணநீர் ஊறி அவற்றைப் பிரிக்கிறது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் செதிலும் தோலோடு சேர்ந்ததே. அதனால் அந்நாட்களில் கண் பால் கலந்த நீலமாகத் தெரியும், உடல் நிறம் மங்கும். பிறகு கண் தெளியும். அடுத்த சில நாட்களில் பாம்பு மூக்கைக் கல்லிலோ கட்டையிலோ தேய்த்து, உதட்டோரத்தில் தோலைக் கிழித்து, சட்டையை உட்புறம் வெளியே வரும்படி உருட்டிக் கழற்றிவிடும். எல்லாம் சேர்த்து ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும்.

கண் நீலமாக இருக்கும் நாட்களில் பார்வை மங்கிய பாம்பு மறைவிடத்தை விட்டு வர விரும்பாது. தொட்டால் சீறும், சமயத்தில் கடிக்கும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான் சாதாரண நாட்களிலேயே இரை மறுப்பதில் பேர்போனது. சட்டை உரிக்கும்போது அதனிடம் எலியை நீட்டினால் பெரும்பாலும் தலையைத் திருப்பிக்கொள்ளும். உறைநிலையிலிருந்து எடுத்துச் சூடாக்கிய எலி குப்பைக்குத்தான் போகும். உயிருள்ள எலியைக் கூண்டில் விட்டுவிட்டுப் போவது இதைவிட மோசம். அசையாமல் கிடக்கும் பாம்பை எலி கடித்துக் குதறிய சம்பவங்கள் கால்நடை மருத்துவர்களுக்குப் புதிதல்ல. இந்த அளவில் வழக்கம் சரியானதே.

அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் அப்படிச் சரியானவை அல்ல. சாப்பிட்டால் புதுத்தோல் கிழியும், இரை செரிக்காமல் வெளியே வந்துவிடும் என்று பயமுறுத்துவோர் உண்டு. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக்குகள் பல, கண் நீலமாக இருக்கும்போதே எலியைத் தின்று, பிறகு குறையில்லாமல் சட்டையையும் கழற்றுகின்றன. கண் மங்குவதற்கு முந்தின நாள் இரை எடுத்த பாம்பு, வயிற்றில் எலியோடுதான் இந்தக் கட்டத்துக்குள் நுழைகிறது. அதற்கும் ஒன்றும் நேர்வதில்லை. இரையைக் கக்குவதற்கு வழக்கமான காரணங்கள் வேறு: போதாத வெப்பம், அளவுக்கு மீறிய இரை, தின்றவுடன் பாம்பைக் கையில் எடுப்பது. பார்வை மங்கினால் இரை தெரியாது என்பதும் பாதி உண்மைதான். நாக்கால் மணம் அறிவதோடு, பால் பைத்தானின் உதட்டுக் குழிகள் வெப்பத்தையும் உணர்கின்றன.

பட்டினியின் விலை வயதுக்கு வயது மாறும். வளர்ந்த பால் பைத்தானுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எலி போதும். நடுவில் சட்டை உரித்தாலும் அது பெரிதாக எதையும் இழப்பதில்லை. கார்ன் ஸ்நேக் குட்டியின் கணக்கே வேறு. வாரத்துக்கு ஒருமுறை தின்று வேகமாக வளரும் அது, ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு சட்டை கழற்றும். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் இரையை நிறுத்தினால் அதன் உணவில் பாதி போய்விடும். ஒல்லியான குட்டிக்கு இது தாங்காது. தின்னும் குட்டிக்குச் சிறிய எலிக்குஞ்சை இடுக்கியால் நீட்டிப் பார்க்கலாம். தொடாவிட்டால் எடுத்துவிட்டு, உரித்து முடிக்கும்வரை தொந்தரவு செய்யாமல் விடுவதே முறை. முட்டையிலிருந்து வந்த குட்டிக்கு மட்டும் முதல் சட்டை கழலும்வரை இரை தராமலிருப்பது பொருத்தம். அதுவரை வயிற்றிலுள்ள மஞ்சள் கரு தாங்கும்.

இந்த விதியின் பெரிய குறை, கவனத்தை வேறு பக்கம் திருப்புவது. சட்டை துண்டு துண்டாகப் பிய்ந்து ஒட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் கூண்டின் வறட்சியே காரணம். பட்டினி போட்டு அதைத் தடுக்க முடியாது. பால் பைத்தான் கூண்டில் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காடு வேண்டும், உரிக்கும் நாட்களில் இன்னும் கூடுதலாக. ஈரப் பாசி வைத்த ஒரு மறைவுப் பெட்டி இதற்குப் பெரிதும் உதவும். கழற்றிப்போட்ட சட்டையை விரித்து, இரு கண்செதில்களும் வால்நுனியும் அதில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வால்நுனியில் தங்கிய தோல் இறுகினால் இரத்த ஓட்டம் தடைபட்டு நுனி அழுகும். ஒட்டிய கண்செதிலை நகத்தால் பெயர்ப்பது ஆபத்து. ஈரப்பதத்தைக் கூட்டியும் அடுத்த உரிப்பில் வராவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சட்டை முழுசாக வந்திருந்தால் மறுநாளே இரை வைக்கலாம். அப்போது பெரும்பாலான பாம்புகள் தயங்காமல் பிடித்துக்கொள்கின்றன.